புள்ளிக்குப் பின்னால் ஓடும் குவெரிகள்

நூலகங்களுக்கான இரவல் மென்பொருள் ஒன்றில் வேலை செய்கிறேன். பைத்தானில் ஜாங்கோ என்ற வலைச் சட்டகம், அடியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதில் தவணை கடந்த நூல்களைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. யார் எடுத்தார், எந்தப் பிரதி, என்ன நூல், எழுதியவர்கள் யார் என்று பக்கத்துக்கு 50 வரி. அந்தப் பக்கம் திறக்க நேரமாகிறது என்று புகார் வந்தபோது, அதை எழுதிய தம்பி, "அக்கா, என் மெஷின்ல சட்டுனு வருதே" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவர் மெஷினில் சோதனைக்காகப் போட்டு வைத்திருந்தவை 6 இரவல் பதிவுகள். டேட்டாபேஸும் அதே மெஷினில் இருந்தது.

டேட்டாபேஸிடம் போகும் ஒவ்வொரு கேள்வியையும், அதாவது குவெரியையும், பதியும் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு, நிஜத் தரவின் நகலில் பக்கத்தை ஒருமுறை ஏற்றினோம். 204 குவெரிகள். இருவரும் உட்கார்ந்து எண்ணிப் பிரித்தோம். உள்நுழைந்தவர் யார் என்று பார்க்க 2 (செஷனுக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று). மொத்தம் எத்தனை பதிவு என்று பக்க எண் போட 1. இரவல் பட்டியலை எடுக்க 1. மிச்சம் 200. அவற்றைப் படித்துக்கொண்டே கீழே இறங்கினால் நான்கே நான்கு குவெரிகள் ஐம்பது தடவை திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு தடவையும் ஐடி மட்டும் மாறுகிறது: உறுப்பினர், பிரதி, நூல், ஆசிரியர்கள், மறுபடி உறுப்பினர், பிரதி, நூல், ஆசிரியர்கள்.

இதற்கு 'என் பிளஸ் ஒன்' (N+1) சிக்கல் என்று பெயர்: பட்டியலுக்கு ஒரு குவெரி, பிறகு அதன் N வரிகளில் ஒவ்வொன்றுக்கும் இன்னொன்று. டேட்டாபேஸ் பதிவுகளை ஆப்ஜெக்டுகளாகக் கையில் தரும் ஓ.ஆர்.எம். (ஜாங்கோவுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது) தொட்ட எல்லாருக்கும் பெயர் தெரியும். பெயர் தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தத் தம்பிக்கும் பெயர் தெரியும்.

கோடில் இருந்ததைத் தமிழ்ப் பெயர்களில் எழுதினால் இப்படி: இரவல்.பிரதி.நூல்.தலைப்பு. இதில் மூன்று புள்ளிகள். முதல் புள்ளி டேட்டாபேஸுக்கு ஒரு நடை போய் வருகிறது. இரண்டாவது புள்ளி இன்னொரு நடை. மூன்றாவது புள்ளிக்குச் செலவே இல்லை, நூல் ஏற்கெனவே நினைவகத்தில் வந்துவிட்டது. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. கோட் ரிவ்யூவில் எவ்வளவு கவனமாகப் படித்தாலும், எந்தப் புள்ளி நெட்வொர்க்கைத் தாண்டுகிறது என்பதை வரியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. மேலே, வேறொரு ஃபைலில், பட்டியலை எப்படி எடுத்தோம் என்பதைப் பொறுத்தது அது. மற்ற ஓ.ஆர்.எம்.களான ஹைபர்நேட்டிலும் ரெயில்ஸின் ஆக்டிவ் ரெக்கார்டிலும் எஸ்க்யூஎல் ஆல்கெமியிலும் இதே நிலைதான். தேவைப்படும்போது போய் எடுத்துவருவது அங்கெல்லாம் வழக்கமான நடத்தை.

ஜாங்கோவில் இன்னொரு கூடுதல் விஷயம். ஒரே உறுப்பினர் ஐந்து நூல்களை வைத்திருந்தால், அவரைப் பற்றிய குவெரி ஐந்து தடவை போகும். ஐந்து தனித்தனிப் பைத்தான் ஆப்ஜெக்டுகள் வரும். எஸ்க்யூஎல் ஆல்கெமி ஒரு செஷனுக்குள் ஒரு பதிவுக்கு ஒரே ஆப்ஜெக்டைத்தான் வைத்திருக்கும். ஏற்கெனவே எடுத்தவரை மறுபடி தேடிப் போகாது. ஜாங்கோ அப்படிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இதன் விளைவு வேகத்தோடு நிற்காது. ஒரே பதிவின் இரண்டு ஆப்ஜெக்டுகள் கையில் இருந்து, ஒன்றில் மின்னஞ்சலை மாற்றினால் மற்றதில் பழையதே இருக்கும். ஒரு ஓ.ஆர்.எம்.மிலிருந்து இன்னொன்றுக்கு மாறி வருகிறவர்கள் முதல் வாரமே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பக்கத்தைச் சரிசெய்ய இரண்டு வரி போதுமாக இருந்தது. ஓர் இரவலுக்கு ஒரே உறுப்பினர், ஒரே பிரதி. ஒரு பிரதிக்கு ஒரே நூல். இப்படி ஒன்றைச் சுட்டும் உறவுகளுக்கு 'செலக்ட்_ரிலேட்டட்'. அது ஜாயின் போட்டு, அதாவது டேபிள்களை இணைத்து, ஒரே குவெரியில் எல்லாவற்றையும் அள்ளிவந்துவிடும். நூலுக்கு ஆசிரியர்கள் பலர் இருக்கலாம், அங்கே 'ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட்'. அது தனியாக ஒரு குவெரியில், கையில் இருக்கும் நூல் ஐடிகளை எல்லாம் சேர்த்துக் கேட்டு, பைத்தான் பக்கத்தில் பொருத்திக் கொடுக்கும். 204 இருந்த இடத்தில் 5 ஆனது.

பலவற்றைச் சுட்டும் உறவையும் ஏன் ஜாயினிலேயே முடிக்கக்கூடாது என்று அந்தத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஒரு நூலுக்கு 3 ஆசிரியர்கள், 5 பொருள் தலைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்தால் அந்த ஒரு நூலுக்கு 15 வரிகள் வரும், ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு தலைப்போடும் ஜோடி சேர்ந்து. நூலின் நீண்ட சுருக்கக் குறிப்பு 15 தடவை நெட்வொர்க்கில் பயணிக்கும். தனித்தனிக் குவெரியாகப் போனால் 3 வரி, பிறகு 5 வரி. எஸ்க்யூஎல் ஆல்கெமியில் 'ஜாயிண்ட்லோட்', 'செலக்ட்இன்லோட்' என்று இரண்டு வழிகள் இருப்பதும் இதனால்தான். பட்டியல் உறவுகளுக்கு நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ப்ரீஃபெட்ச் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. முன்கூட்டியே எடுத்துவைத்த ஆசிரியர் பட்டியல்மேல் ஃபில்டர் அல்லது ஆர்டர்_பை சேர்த்தால், அது புதிய குவெரி. எடுத்துவைத்தது அப்படியே கிடக்க, ஒவ்வொரு நூலுக்கும் மறுபடி டேட்டாபேஸுக்கு ஒரு நடை. முன்பைவிட மோசம், ஏனென்றால் எடுத்துவைத்த குவெரியும் வீண். முதன்மை ஆசிரியர் மட்டும் வேண்டும் என்றால், 'ப்ரீஃபெட்ச்' ஆப்ஜெக்டுக்குள் அந்த ஃபில்டரைக் கொடுத்து, 'டூ_ஆட்ர்' வழியாக வேறொரு பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எல்லாரையும் எடுத்துக்கொண்டு பைத்தானிலேயே வடிகட்டலாம்; மூன்று ஆசிரியர்களில் ஒருவரைப் பிரிக்க பைத்தானுக்கு நேரமே ஆகாது.

இவ்வளவும் ஆவணத்தில் இருக்கிறது. சரிசெய்வது சுலபம். ஆறு மாதம் கழித்து யாரோ டெம்ப்ளேட்டில் இன்னொரு புள்ளி வைப்பார்கள், சரிசெய்தது காணாமல் போகும். அதைத் தடுப்பதுதான் வேலை. நான் இப்போது விடாப்பிடியாகச் செய்வது ஒன்று: முக்கியமான ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் குவெரி எண்ணிக்கையை டெஸ்ட்டில் எழுதிவைக்கிறேன். ஜாங்கோவில் 'அசர்ட்நம்குவெரீஸ்' இதற்கென்றே இருக்கிறது. எண்ணிக்கை தவறினால் டெஸ்ட் விழும், எந்தெந்தக் குவெரிகள் ஓடின என்ற பட்டியலையும் சேர்த்துக் காட்டும்.

ஆனால் இதை எழுதும் முறையில் ஒரு கவனம் வேண்டும். டெஸ்ட்டில் ஒரே ஒரு இரவல் பதிவு மட்டும் உருவாக்கினால் என் பிளஸ் ஒன் சிக்கவே சிக்காது. ஒரு பதிவுக்கு ஒரு கூடுதல் குவெரி, எண்ணிக்கை நிலையானதுபோல் தெரியும். எழுதியவர் அந்த எண்ணையே டெஸ்ட்டில் போட்டுவிடுவார். எங்கள் பழைய டெஸ்ட்டுகள் சில அப்படித்தான் பச்சையாக நின்றன. இப்போது 2 பதிவோடு ஒருமுறை, 10 பதிவோடு ஒருமுறை ஓட்டுகிறோம். இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். பதிவுகளும் வெவ்வேறு உறுப்பினர், வெவ்வேறு நூலைச் சுட்ட வேண்டும்.

வேறு ஓ.ஆர்.எம். பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் கடுமையான வழிகள் உண்டு. எஸ்க்யூஎல் ஆல்கெமியில் 'ரெய்ஸ்லோட்' போட்டால், முன்கூட்டி எடுக்காத உறவைப் புள்ளி வைத்துத் தொட்ட உடனே எர்ரர் எறியும். ரெயில்ஸில் 6.1 பதிப்பிலிருந்து 'ஸ்ட்ரிக்ட்_லோடிங்' இருக்கிறது, அதே வேலை. புள்ளிக்குப் பின்னால் சத்தமில்லாமல் குவெரி போவதைவிட உரக்கக் கத்துவது எவ்வளவோ மேல். புதிதாகத் தொடங்கும் திட்டமாக இருந்தால் முதல் நாளே இதை இயக்கிவிடுங்கள். பழைய திட்டத்தில் ஒரேயடியாகப் போட்டால் பாதிப் பக்கங்கள் விழும், ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும்.

புள்ளியைப் போலவே ஏமாற்றும் இன்னொரு குறி சமக்குறி. இதில் தவறினால் பக்கம் மெதுவாகாது, தரவே தவறாகிப் போகும். அதனால் இதைப் பற்றி எனக்குக் கவலை அதிகம்.

நூல் பதிவில் 'இருப்பு' என்று ஓர் எண். இரவல் கொடுக்கும்போது கோட் என்ன செய்தது? நூலை எடுத்தது, சமக்குறி போட்டு இருப்பில் ஒன்றைக் கழித்தது, சேவ் செய்தது. சாதாரணக் கணக்கு. இரண்டு கவுண்டர்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே நூலைக் கொடுக்கிறார்கள். இருவருடைய கோடும் இருப்பு 3 என்று படிக்கிறது. இருவரும் 2 என்று எழுதுகிறார்கள். போனது இரண்டு பிரதிகள், கழிந்தது ஒன்று. எர்ரர் இல்லை, லாகில் எதுவும் இல்லை. மாதக் கடைசியில் அலமாரியை எண்ணும்போதுதான் தெரிந்தது. சேவ் என்பது டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத தொகுதிக்குள்) இருந்ததே என்று முதலில் நாங்கள் குழம்பினோம். போஸ்ட்கிரெஸின் இயல்பான 'ரீட் கமிட்டட்' நிலையில் டிரான்ஸாக்ஷன் மட்டும் இதைத் தடுக்காது. இரண்டாவது எழுத்து முதல் எழுத்து முடியும்வரை காத்திருந்து, பிறகு அதன்மேல் 2 என்று அப்படியே எழுதிவிடும்.

கழித்தலைப் பைத்தானில் செய்யாமல் டேட்டாபேஸிடமே விட வேண்டும். ஜாங்கோவில் 'எஃப்' எக்ஸ்பிரஷன் இதற்குத்தான். 'இருப்பு = இருப்பு - 1' என்பது டேட்டாபேஸின் குவெரி மொழியான எஸ்.க்யூ.எல்.லாகவே போகும், அந்த நொடியில் டேட்டாபேஸில் இருக்கும் எண்ணிலிருந்து கழியும். நான் அதோடு ஒரு நிபந்தனையையும் சேர்ப்பேன்: இந்த ஐடி உள்ள, இருப்பு பூஜ்யத்துக்கு மேல் உள்ள நூலில் ஒன்றைக் கழி என்று ஃபில்டரும் அப்டேட்டும் ஒரே வரியில். அப்டேட் எத்தனை பதிவுகளை மாற்றியது என்ற எண்ணைத் திருப்பித் தரும். 1 வந்தால் பிரதி கிடைத்தது. 0 வந்தால் பிரதி இல்லை, உறுப்பினரிடம் சொல்லிவிடலாம். முதலில் பார், பிறகு மாற்று என்ற இரண்டு படிகள் ஒன்றாகிவிடுகின்றன. நடுவில் வேறு யாரும் நுழைய இடமே இல்லை. ஓ.ஆர்.எம்.மில் நான் கற்ற நுட்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இவ்வளவுக்கும் மேல் இருப்பு எதிர்மறையாகக் கூடாது என்று டேபிளிலேயே செக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டிருக்கிறோம். கோடில் யார் என்ன எழுதினாலும் டேட்டாபேஸ் மறுக்கும்.

எல்லா வேலையும் ஒரு கழித்தலில் முடியாது. உறுப்பினரின் அபராதம், முன்பதிவு வரிசை, இரவல் வரம்பு எல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தால் 'செலக்ட்_ஃபார்_அப்டேட்' போட்டுப் பதிவைப் பூட்டி வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். அதை, ஜாங்கோவில் டிரான்ஸாக்ஷனைத் தொடங்கும் 'அட்டாமிக்' தொகுதிக்குள் மட்டுமே பயன்படுத்த முடியும். பூட்டு டிரான்ஸாக்ஷன் முடியும்வரை இருக்கும் என்பதால் உள்ளே மின்னஞ்சல் அனுப்புவது, வேறு சர்வரைக் கூப்பிடுவது போன்ற மெதுவான வேலைகள் கூடாது. அவற்றை, டிரான்ஸாக்ஷன் வெற்றியாக முடிந்த பிறகு ஓடும் 'ஆன்_கமிட்'டுக்குத் தள்ளுங்கள். அப்போது இன்னொரு நன்மையும் கிடைக்கும்: டிரான்ஸாக்ஷன் ரோல்பேக் ஆகி எல்லாம் ரத்தானால் கடிதமும் போகாது. நடக்காத இரவலுக்கு நன்றிக் கடிதம் பெற்ற உறுப்பினருக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். ஹைபர்நேட்டில் வேலை செய்யும் நண்பர்கள் பூட்டாமல் வெர்ஷன் எண் ஃபீல்டு வைத்துச் சமாளிக்கிறார்கள். எழுதும்போது வெர்ஷன் மாறியிருந்தால் எர்ரர், மறுபடி முயற்சி. மோதல் அரிதான இடங்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

சேவ் பற்றி இன்னொன்று. ஜாங்கோவில் வெறும் சேவ், மாறியது எது மாறாதது எது என்று பார்க்காமல் எல்லா ஃபீல்டுகளையும் எழுதும். நீங்கள் அலமாரி எண்ணை மட்டும் மாற்றினீர்கள். அதற்குள் வேறொருவர் தலைப்பில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தார். உங்கள் சேவ் அந்தப் பிழையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். 'அப்டேட்_ஃபீல்ட்ஸ்' கொடுத்து மாற்றியதை மட்டும் எழுதுங்கள்.

அப்டேட்டும் பல்க்_கிரியேட்டும் வேகமானவை, ஆனால் அவை சேவ் வழியாகப் போவதில்லை. சேவுக்குள் நீங்கள் எழுதிவைத்த சரிபார்ப்பு ஓடாது, சேவ் நடப்பதைப் பிற கோடுக்கு அறிவிக்கும் சிக்னல்களும் எழாது. எங்களுக்கு இது ஒருமுறை வலித்தது. தேடல் இண்டெக்ஸைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட் 'கடைசியாக மாற்றிய நேரம்' ஃபீல்டைப் பார்த்து இயங்கியது. அந்த ஃபீல்டு 'ஆட்டோ_நவ்'. சேவ் அழைக்கும்போது மட்டும்தான் அது மாறும். இருப்புக் கணக்கை அப்டேட்டுக்கு மாற்றிய பிறகு நேரம் மாறவே இல்லை, தேடலில் தீர்ந்துபோன நூல்கள் எல்லாம் கிடைக்கும் என்றே காட்டிக்கொண்டிருந்தன. இப்போது அப்டேட் எழுதும் இடத்தில் எல்லாம் அந்த நேரத்தையும் கையால் சேர்க்கிறோம்.

பெரிய அளவில் படிக்கும்போது 'இட்டரேட்டர்' பயன்படுத்துங்கள், இல்லையென்றால் மொத்தமும் நினைவகத்தில் ஏறிவிடும். ஜாங்கோ 4.1-க்கு முன் இட்டரேட்டரோடு ப்ரீஃபெட்ச் வேலை செய்யாது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் புறக்கணிக்கப்படும். 4.1 முதல் 'சங்க்_சைஸ்' கொடுத்தால் வேலை செய்யும். எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் கவுன்ட், இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் எக்சிஸ்ட்ஸ்.

டேபிளில் பதிவை வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் விஷயத்தில் ஓ.ஆர்.எம். எது செய்யும், டேட்டாபேஸ் எது செய்யும் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் பதிவைச் சுட்டும் ஃபீல்டு) வைத்தால் ஜாங்கோ தானாக இண்டெக்ஸ் போடும். எஸ்க்யூஎல் ஆல்கெமி போடாது, நீங்கள் கேட்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி அதைத் தானே பார்த்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் பார்க்காது. ஆகவே எஸ்க்யூஎல் ஆல்கெமியும் போஸ்ட்கிரெஸும் சேர்ந்த இடத்தில், சுட்டும் டேபிளில் இண்டெக்ஸே இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். இது படிக்கும்போது மட்டும் வரும் தொல்லை இல்லை. ஓர் உறுப்பினரை நீக்கப் போனால், அவரைச் சுட்டும் இரவல் இருக்கிறதா என்று பார்க்க டேட்டாபேஸ் இரவல் டேபிள் முழுவதையும் துழாவும். ஒரு டிலீட் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது அந்த இண்டெக்ஸைத்தான்.

அறிக்கைகளுக்கு என் வழி வேறு. முதலில் எஸ்.க்யூ.எல்.லை நேராக டேட்டாபேஸ் கன்சோலில் எழுதுகிறேன், எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டு எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறேன். பிறகுதான் அது ஓ.ஆர்.எம்.மில் இயல்பாக அமர்கிறதா என்று பார்ப்பேன். அமர்ந்தால் நல்லது. மூன்று சப்குவெரியும் இரண்டு விண்டோ ஃபங்ஷனும் உள்ள ஒன்றை ஓ.ஆர்.எம். வடிவில் திணித்தால், அடுத்து வருகிறவர் அதை மறுபடி எஸ்.க்யூ.எல்.லாக மாற்றித்தான் புரிந்துகொள்ள முடியும். அப்படிப்பட்டதை எஸ்.க்யூ.எல்.லாகவே வைத்திருக்கிறோம், மதிப்புகளை எப்போதும் பாராமீட்டராகக் கொடுத்து. எங்கள் திட்டத்தில் அப்படி ஏழு குவெரிகள் தனி ஃபைலில் இருக்கின்றன. ஓ.ஆர்.எம். தோற்றுவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. மீதி எல்லாவற்றையும் அது நன்றாகவே சுமக்கிறது.

போன வாரம் அந்தத் தவணை கடந்த பக்கத்தின் டெஸ்ட் விழுந்தது. 5 இருக்க வேண்டிய இடத்தில் 6. பார்த்தால், அந்தத் தம்பிதான் ஒவ்வொரு நூலுக்கும் எத்தனை பேர் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள் என்று ஒரு பத்தியைச் சேர்த்திருந்தார். ஐம்பது கூடவில்லை, ஒன்றுதான் கூடியிருந்தது. முன்பதிவுகளை ப்ரீஃபெட்ச்சில் சரியாகச் சேர்த்திருந்தார். எண்ணிக்கை மட்டும் போதுமே, பதிவுகள் எல்லாம் எதற்கு, இரவல் பட்டியல் குவெரியிலேயே அந்த எண்ணையும் 'அன்னோட்டேட்' செய்து வாங்கலாமா என்று கேட்டேன். "பண்ணிப் பார்த்தேன் அக்கா, பக்க எண் போடுற கவுன்ட்டும் சேர்ந்து மெதுவாச்சு" என்று எக்ஸ்ப்ளெய்ன் வெளியீட்டை எடுத்துக் காட்டினார். டெஸ்ட்டில் 5-ஐ 6 ஆக்கி, காரணத்தை ஒரு வரி கமென்ட்டாக எழுதி, சேர்த்துவிட்டோம்.